மிலிட்டரி வாத்தியார்

ஏற்காட்டில் நாகலூரைத் தாண்டி உள்ளே போய் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மிலிட்டரி வாத்தியார் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும். பட்டாளத்தில் இருந்தது ஐந்து வருஷம். அதற்கப்புறம் எழுபது வருஷத்துக்கு மேல் சேர்வராயன் மலையில் வேறு என்னென்னவோ செய்தார். ஆனாலும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. சென்ற தை மாதம் 102 வயதில் சார் காலமானார். அடக்க ஆராதனைக்கு வந்த கூட்டம் கிறிஸ்தவக் கோயில் கொள்ளாமல் ரோட்டில் நின்றது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கோயிலுக்குள் அதுவரை கால் வைத்திராதவர்கள்.

சார் 1922இல் சேலத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு லண்டன் மிஷன்காரர்களின் பங்களா ஒன்றில் சமையல் வேலை. சேலத்தில் அந்த மிஷன் 1827இலேயே ஹென்றி கிறிஸ்ப் என்ற பாதிரியாரோடு தொடங்கிவிட்டது. துரை வீட்டில் ஒரு பக்கம் எழுதித் தூக்கிப் போட்ட காகிதத்தின் மறுபக்கம்தான் சாருக்கு முதல் நோட்டு. எட்டாவது முடித்ததும் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போனார். 1941இல் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது போய் வரிசையில் நின்றார். ராஜபக்தி, வீரம் எதுவும் கிடையாது. “வீட்ல ஏழு பேரு கண்ணு. பட்டாளத்துல மூணு வேளை சோறு.” காரணம் அவ்வளவுதான். இரண்டாம் உலகப்போரில் இந்திய ராணுவத்தில் சேர்ந்த 25 லட்சம் பேரும் கட்டாயம் எதுவுமின்றித் தாமாக முன்வந்தவர்கள் என்று பெருமையாக எழுதுகிறார்கள். வயிறு செய்த கட்டாயத்தை யார் கணக்கில் சேர்ப்பது?

பெங்களூர் அல்சூரில் மதராஸ் சாப்பர்ஸ் படையில் பயிற்சி. துப்பாக்கியைவிட மண்வெட்டியை அதிகம் பிடிக்கும் படை அது. ரோடு போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மற்ற ரெஜிமெண்டுக்காரர்கள் அவர்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். இன்றைக்கும் அப்படித்தான். அங்கே இங்கிலீஷ் எழுத்தில் உருது வாசிக்கப் பழக்கினார்கள். தொண்ணூறு வயதுக்கு மேலும் சார் கோபம் வந்தால் அரைகுறை உருதுவில்தான் திட்டுவார். யாருக்கும் புரியாது என்பதால் வீட்டில் யாரும் வருத்தப்பட்டதில்லை.

பிறகு அஸ்ஸாம், இம்பால், அங்கிருந்து தாமு வழியாகப் பர்மா. மலேரியாவுக்காக தினமும் வரிசையில் நிறுத்தி மெப்பாக்ரின் மாத்திரையை வாயில் போட்டு, முழுங்கினார்களா என்று பார்த்துவிட்டுத்தான் விடுவார்களாம். அந்த மாத்திரை தோலை மஞ்சளாக்கிவிடும். “கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்தோம்” என்று வகுப்பில் சொல்லும்போது நாங்கள் பெஞ்சில் உருண்டு சிரிப்போம். 1944 மார்ச்சில் ஜப்பானியர்கள் இம்பாலைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜூன் 22இல்தான் கோஹிமா ரோடு திறந்தது. நடுவில் அங்கே என்ன நடந்தது என்று சார் ஒரு நாளும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டால், வாய்ப்பாடு சொல்லு என்று எழுப்பி நிறுத்திவிடுவார். கோவேறு கழுதைகளைப் பற்றி மட்டும் சொல்வார். எதிரியின் பின்னால் காட்டுக்குள் போன சிண்டிட் படை, தன்னோடு கொண்டுபோன கழுதைகள் கத்திக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவற்றின் குரல் நரம்பை அறுத்திருந்தது. அப்படி ஒன்றைப் பிறகு எங்கேயோ பார்த்தாராம். வாயைத் திறந்து திறந்து மூடியதாம். இதைச் சொல்லும்போது மேசையில் இருக்கும் சாக்பீஸ் தூளை விரலால் தள்ளிக்கொண்டே இருப்பார்.

இந்த இடத்தில் பாலம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நினைவுக் கூட்டத்தில் ஒருவர், பர்மாவில் உலகத்திலேயே நீளமான பாலத்தைக் கட்டிய வீரர் என்று முழங்கினார். கைதட்டலும் வாங்கினார். அந்தப் பாலம் உண்மை. 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே மிதவைகளின் மேல் போட்ட பெய்லி பாலம் (இரும்புச் சட்டங்களைக் கோத்து அவசரத்துக்குப் போடுவது), 1,154 அடி நீளம். அவ்வளவு நீளத்துக்கு அதுவரை யாரும் பெய்லி பாலம் போட்டதில்லை. ஆனால் சார் அதைக் கட்டவில்லை. இதே பேச்சை அவர் எதிரிலேயே யாராவது எடுத்தால் குறுக்கே கையைக் காட்டி நிறுத்துவார். “நான் பாலம் கட்டலை. பாலத்துக்குப் போற ரோட்டுக்குக் கல்லு சுமந்தேன். பாலத்து மேல ரெண்டு தடவை நடந்தேன்.” நூறு தடவையாவது இப்படிச் சொல்லியிருப்பார். ஆள் போய்ச் சேர்ந்ததும் மேடையில் பாலத்தைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டார்கள்.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நிலம் அளக்கும் சங்கிலி 66 அடி என்றால் 66 அடிதான். கூட்டிச் சொல்வதைக் கேட்டால் கை துறுதுறுக்கிறது. அந்தப் புத்தி யாரிடமிருந்து வந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

ரோட்டு வேலையில் நடந்த ஒன்றைச் சார் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். 1942இல் ஜப்பான் பர்மாவுக்குள் வந்தபோது அங்கிருந்த நம்மவர்கள் லட்சக்கணக்கில் நடந்தே இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. கப்பல் கிடைத்தவர் தப்பித்தார், கிடைக்காதவர் காட்டில் நடந்தார். அந்தப் பாதைகளில் ஒன்றுதான் தாமு. இரண்டு வருஷம் கழித்துச் சாரின் கம்பெனி அங்கே ரோட்டை அகலப்படுத்த மண் வெட்டியபோது, ஓரத்தில் ஒரு பித்தளைச் சொம்பு அகப்பட்டது. கழுத்து நசுங்கியிருந்தது. மண்ணைத் துடைத்துப் பார்த்தால் வாய் விளிம்புக்குக் கீழே புள்ளிப் புள்ளியாகத் தமிழ் எழுத்து. மூன்று இனிஷியல், பெயர் இல்லை. அவருடைய செக்ஷனில் எல்லாருமே தமிழ் பேசுகிறவர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்தார்களாம். யாரும் எதுவும் பேசவில்லையாம். ஹவில்தார் வந்து சத்தம் போட்டதும் மறுபடி வெட்ட ஆரம்பித்தார்கள். சொம்பு சாரின் பையில் வந்துவிட்டது.

மூன்று இனிஷியல் வெட்டுவது செட்டிநாட்டு வழக்கம் என்று யாரோ சொல்ல, பட்டாளத்திலிருந்து வந்தபின் ஒரு கோடை விடுமுறையில் அந்தச் சொம்பைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிப் பக்கம் போயிருக்கிறார். வீடு வீடாகக் காட்டியிருக்கிறார். அதே இனிஷியல் எத்தனையோ குடும்பத்துக்கு உண்டு என்று சொல்லி, சாப்பாடு போட்டு, பஸ் ஏற்றிவிட்டார்கள். அப்புறம் அந்தச் சொம்பு எங்கள் பள்ளிக்கூடத்துப் பானைமேல் கவிழ்ந்திருந்தது. நசுங்கின கழுத்தை அவர் தட்டிச் சரிசெய்யவே இல்லை. அண்ணாந்து குடிக்கும்போது அந்த நசுங்கலில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மூக்கில் ஏறும். எங்கள் எல்லாருக்கும் அந்தச் சொம்பில் குடிக்கத் தனிப் பழக்கம் வேண்டியிருந்தது.

1946இல் பட்டாளத்தில் ஆள் குறைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்து, 1950இல் மலைக்கு வந்தார். 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, லண்டன் மிஷன் அதில் கலந்து, வெள்ளைக்காரப் பாதிரிமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த நேரம். மலைமேல் ஒரு ஓராசிரியர் பள்ளிக்கு யாரும் வர மாட்டேன் என்றார்களாம். பகலில் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துகிற உபதேசியார், சம்பளம் ஒன்று. அந்தக் காலத்து மிஷன் பள்ளிக்கூடங்களில் இது சாதாரணம்.

பள்ளிக்கூடம் என்றால் மண்சுவரும் தகரமும். ஐப்பசி மழை அடித்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். அதைச் சார் எப்படிச் சரி செய்தார் என்பதை நானே பார்த்திருக்கிறேன், ஏனென்றால் தகரத்துக்கு மேல் போட்டது பழசாகிப்போய்த் திரும்பப் போட்டபோது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். காபி குடோனிலிருந்து கிழிந்த சணல் சாக்குகளை வாங்கி, தையலைப் பிரித்து, பாயாக விரித்தார். ரோடு போடுகிறவர்களிடம் கேட்டு வாங்கிய தாரை டின்னில் காய்ச்சினார். சாக்கைத் தாரில் முக்கி எடுத்து, கூரையின் தாழ்வான ஓரத்திலிருந்து மேலே பார்த்துப் போட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையில் பாதியை மூட வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் மடிப்புக்குள் போய்விடும் என்று எங்களைக் கீழே நிற்க வைத்து விளக்கினார். பர்மாவில் ரோட்டுக்கும் விமானத் தளத்துக்கும் இதேபோலத் தார் பூசிய சணல் துணியைத்தான் மைல் கணக்கில் விரித்தார்கள். மழை மண்ணுக்குள் இறங்காமல் லாரி ஓட அதுதான் வழி. எங்கள் கூரைமேல் லாரி ஓடவில்லை, அதனால் பல மழைக்காலம் தாங்கியது. தார் நாற்றம் மட்டும் ஒரு மாதம் வரை போகவில்லை. சத்துணவெல்லாம் வராத காலம். கேர் என்ற அமெரிக்க உதவி நிறுவனம் தந்த கோதுமை உப்புமாவே தார் வாசத்தோடுதான் இறங்கியது.

இனி அளக்கிற கதை. நான்காம் வகுப்புப் புவியியலில் முதல் பாடம் எங்கள் ஊர் வரைபடம். புத்தகத்தில் யாரோ ஒருவருடைய ஊர் இருக்கும். சார் அதை மூடி வைக்கச் சொல்லிவிட்டு எங்களை வெளியே ஓட்டிக்கொண்டு போவார். முதலில் திசை. வெயிலில் ஒரு குச்சி நட வேண்டும். நிழலின் நுனியில் ஒரு கல். கால் மணி நேரம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல்லிலிருந்து இரண்டாவது கல்லுக்குக் கோடு இழுத்தால் அது மேற்கிலிருந்து கிழக்கு. மூடுபனி நாளில் இந்தப் பாடம் கிடையாது. ஏற்காட்டில் அது என்ன பெரிய பாடம், பாதி நாள் பனிதான் என்று நாங்களே கிண்டல் செய்வோம்.

அப்புறம் எட்டு. பட்டாளத்துக்காரன் வைக்கிற எட்டு முப்பது அங்குலம், நாற்பது எட்டு வைத்தால் நூறு அடி. அவர் பள்ளிக்கூட வாசலிலிருந்து நாற்பது எட்டு நடந்து ஒரு கோடு கிழிப்பார். அந்தத் தூரத்தை நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் காலால் நடந்து எண்ண வேண்டும். எனக்கு அறுபது எட்டு. அப்படியென்றால் என் எட்டு இருபது அங்குலம். அதைச் சிலேட்டின் மூலையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், வருஷக் கடைசிவரை அழிக்கக் கூடாது. பிறகு கிணறு, மாரியம்மன் கோயில், எஸ்டேட் கேட், கவுண்டர் வீட்டுத் தொழுவம் எல்லாவற்றுக்கும் நடந்து, எண்ணி, பெருக்கி, படத்தில் குறிக்க வேண்டும். எங்கள் படத்தில் இரண்டு இடத்துக்கு நடுவே தூரம் உதைத்தால் சார் திட்ட மாட்டார். “போய் மறுபடி நட” என்பார். மழையிலும் நடந்திருக்கிறோம். பின்னாளில் சர்வே பயிற்சியில் புலப்படம் வரையச் சொன்னபோது, கூட வந்த ஆண்கள் தடுமாறிக்கொண்டிருக்க, எனக்கு அது நாலாங்கிளாஸ் வேலையாக இருந்தது.

சாருக்கு நிஜமாக எதிரிகள் வந்தது காபிப் பழ விஷயத்தில்தான். கார்த்திகையிலிருந்து மாசிவரை பழம் பறிக்கிற காலம், பாதிப் பிள்ளைகள் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்விடும். வரவில்லை என்று பெயர் அடிப்பதில்லை. அவரே சாயங்காலம் அரிக்கேன் விளக்கோடு தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போய்விடுவார். அங்கே கணக்குப் பாடம் என்ன தெரியுமா? அன்றைக்குப் பறித்த பழத்தின் எடை, மேஸ்திரி எழுதிக்கொடுத்த சீட்டு, கூலி விகிதம். பெருக்கிப் பார். வாரக் கடைசியில் கூட்டிப் பார். எட்டு வயசுப் பிள்ளை சீட்டைப் பார்த்து, “அம்மா, உனக்கு ஒண்ணரை ரூபா குறையுது” என்று சொன்னால் மேஸ்திரிக்கு எப்படி இருக்கும்? எங்கள் அப்பா அந்த எஸ்டேட்டில் ரைட்டர். சனிக்கிழமை சம்பள ஜன்னலில் சீட்டோடு பெண்கள் சண்டைக்கு நிற்பார்கள். “வாத்தியாரே, பைபிள் சொல்லிக் கொடுங்க, பாட்டு சொல்லிக் கொடுங்க, எனக்கு ஏன் வேலை வைக்கிறீங்க” என்று அப்பா எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே சாரிடம் கேட்டார். சார் காபியைக் குடிக்காமல் தள்ளி வைத்தார். கோபம் ஒன்றும் இல்லை, காபித் தோட்டத்துக்கு நடுவில் எழுபது வருஷம் இருந்தும் அவர் ராகிக் கஞ்சிதான் குடிப்பார். “பைபிள்லயும் கள்ளத் தராசு ஆகாதுன்னுதான் இருக்கு, ரைட்டர் சார்” என்றார். அப்பா அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து சீட்டுகளை அவரே ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் ஜன்னலைத் திறந்தார்.

மிஷனரி விஷயத்துக்கு வருகிறேன். இந்த மலையையே ஆண்டவருக்கு ஆதாயமாக்கினவர் என்று கூட்டத்தில் இன்னொருவர் பேசினார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மலையாளிப் பெரியவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டினார்கள். (வெளியூர்க்காரர்களுக்காக: இங்கே மலையாளி என்றால் கேரளக்காரர் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும், தமிழ் பேசும் மலைவாழ் கவுண்டர்கள்.) எனக்குத் தெரிந்து சார் மூலமாக அவர்களில் ஒரு குடும்பம்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. சாரின் சபையில் இருந்ததெல்லாம் கீழேயிருந்து தோட்ட வேலைக்கு வந்த சில குடும்பங்கள். வருஷா வருஷம் சபைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் என்ற கட்டத்தில் அவர் ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே பள்ளிக்கு வந்த பிள்ளைகள் எண்ணிக்கையை எழுதி அனுப்புவார். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுங்கள் என்று ஒரு முறை அறிக்கை திரும்பி வந்தது. அதே பதிலை இன்னும் பெரிய எழுத்தில் எழுதி மறுபடி அனுப்பினாராம்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையே திரண்டு மேலேறும். ஆரம்ப வருஷங்களில் சார் அங்கே சுவிசேஷப் புத்தகங்களை ஒரு பெட்டியில் கொண்டுபோய் விற்றார். அப்புறம் பெட்டியில் புத்தகம் குறைந்து, டிஞ்சரும் பஞ்சும் கட்டுத்துணியும் ஏறின. கல்லில் இடறிய கால், கூட்டத்தில் மயங்கியவர்கள், தேள் கடி, இதற்கெல்லாம் அவர்தான். கடைசியில் புத்தகமே இல்லை. ஏன் சார் என்று கேட்டேன். “கட்டுப் போட்டுக்கிட்டே வித்தா, காசுக்குக் கட்டுப் போடற மாதிரி இருக்கு” என்றார். நம்பிக்கை குறைந்துவிட்டதா என்றால் அதெல்லாம் இல்லை. விடியற்காலை நாலரைக்குச் சத்தமாகக் கீர்த்தனை பாடி ஜெபிப்பார், அக்கம்பக்கத்தில் அலாரம் தேவையில்லை. ஒரு கவுண்டர் பெரியவர் அவரிடம், “வாத்தியாரே, உங்க சாமி நல்ல சாமிதான். ஆனா எங்க சாமி கோவிச்சுக்கும், வேணாம்” என்றாராம். இதைச் சார் தோல்வியாகச் சொல்ல மாட்டார், ரசித்துச் சொல்வார். மனிதர்களைச் சேர்ப்பதில் அவர் கெட்டிக்காரர் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த வேலைக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லத் தெரிய வேண்டும்.

1980இல் 58 வயதில் ஓய்வு. பிள்ளைகள் பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தபோது மறுபடி அரிக்கேன் விளக்கு, அதே லைன் வீடுகள், இந்தத் தடவை அந்த அம்மாக்களுக்கு. பர்மா ஸ்டார் உட்பட அவருடைய மெடல்கள் ஒரு பிஸ்கட் டின்னில் பித்தான்களோடு கிடந்தன. பட்டாளத்தில் குறைந்த வருஷம்தான் என்பதால் ராணுவ ஓய்வூதியம் கிடையாது. இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கு அரசு தருகிற மாத உதவித்தொகை மட்டும் வந்தது. அதற்கு வருஷா வருஷம் உயிரோடு இருப்பதாகக் காட்ட வேண்டும். தொண்ணூற்றாறு வயதில் அவரை நான் சேலத்துக்கு ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அந்த மேசை மாடியில். இறங்கி வந்து பார்க்கச் சொன்னால் யாரும் வரவில்லை. சார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். ஏறும்போதே எண்ணிக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது. மேலே போனதும் மேசையில் இருந்த இளைஞர் தலை நிமிராமல் பெயரை வாசித்தார். சார் அட்டென்ஷனில் நின்று, “உள்ளேன் ஐயா” என்றார். ஆபீசே சிரித்தது. அந்தப் பையன் எழுந்து நாற்காலி போட்டான். மறு வருஷம் அவனே கீழே இறங்கி வந்தான்.

இப்போது பள்ளிக்கூடச் சுவரில் அவருக்கு ஒரு கல்வெட்டு வைக்கப் பழைய மாணவர்கள் முடிவு செய்திருக்கிறோம். வாசகத்தைப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். அதில் பாலம் இருந்தது, மலை முழுவதும் மனந்திரும்பியது, ஆசிரியப் பணி அறுபது ஆண்டாக ஆகியிருந்தது. வெட்ட வேண்டியதை வெட்டிவிட்டு, பட்டாளம் 1941–1946, பள்ளி 1950–1980 என்று போட்டேன். உபதேசியார் என்பதை அப்படியே விட்டுவைத்தேன், அதற்கு வருஷம் மட்டும் போடவில்லை. இது ரொம்பச் சின்னதாக இருக்கிறது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இரண்டு மூன்று பேருக்கு வருத்தம். தகராறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் கமிட்டிப் பொருளாளர் மட்டும் முழுக்க என் பக்கம், ஏனென்றால் கல் கொத்துகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி பேசியிருக்கிறார்.